இடது பக்கத் துணி

கோட்டூர்புரம் பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

பந்தயத் தடத்தில் பிரேக் சூடேறிப் பழுதாவதைத் தடுப்பது பற்றி உங்கள் பயிற்சிக் கோப்புக்குச் சில பக்கங்கள் எழுதித் தருமாறு நிர்வாகம் என்னைக் கேட்டுக்கொண்டது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் தடிமன், அதைக் கவ்விப் பிடிக்கும் பேடின் தேய்மானம், பிரேக் ஆயிலை மாற்ற வேண்டிய காலம் ஆகியவற்றுக்கு அட்டவணைகள் இருக்கின்றன. இங்கே பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் பொறுப்பாளனாக இருந்தபோது அவற்றைத் தயாரித்தவன் நான். அவற்றில் பிழை இல்லை என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். ஆகவே அவற்றைத் திரும்ப எழுதப் போவதில்லை.

நான் எழுதப்போகும் சம்பவத்தை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். தலைமை மெக்கானிக் தேசிங்கு, வள்ளியின் வண்டியில் துணியை எடுக்க மறந்த கதை. நீங்கள் கேட்டதில் பெரும்பகுதி சரி. ஒரு பகுதி சரியில்லை. அதைத் திருத்த எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

முதலில் அந்தத் துணியைப் பற்றி. நம் பந்தய வண்டிகளின் முன்பம்பரில் இரண்டு ஓரங்களிலும் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு ஒரு வாய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து ஒரு குழாய் சக்கரத்தின் உட்புறம் சென்று, எதிர்க்காற்றை டிஸ்க்கின் மேல் கொண்டு சேர்க்கும். தடத்தில் ஓடும் வண்டிக்கு இந்தக் காற்றுதான் மூச்சு. ஆனால் நம் பணிமனை ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் அந்தக் குழாய் வழியாக ஏறிய எலி ஒன்று வயர்களைக் கடித்துத் துண்டாக்கியது. அதன் பிறகு, நிறுத்தி வைக்கும் வண்டிகளின் இரு வாய்களையும் துணியைச் சுருட்டி அடைப்பது வழக்கமாயிற்று. துணி தேசிங்கின் மனைவி கொடுத்தனுப்பும் பழைய புடவை. அந்த ஆண்டு பச்சைப் புடவை, கடுகு நிறக் கரை.

அடைத்த துணியை மறக்காதிருக்க ஒரு விதியும் செய்தோம். எடுப்பவர் துணிகளைத் தம் பையிலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டையும், தடத்தோரம் வண்டிகளைத் தயார் செய்யும் இடமான பிட்டில் உள்ள மேசையின்மேல் வைத்த பிறகே பரிசோதனைச் சீட்டில் கையெழுத்து. இந்த விதியை எழுதியவனும் நான்தான்.

வள்ளியின் குடும்பத்துக்குத் தி. நகரில் மூன்று தளத் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நிலைத்தவர்கள். கடை ஊழியர்கள் முதல் நாங்கள் வரை எல்லோரும் அவர் தந்தையை அண்ணாச்சி என்றே அழைத்தோம். மகள் பந்தய வண்டி ஓட்டுவதை அவர் இரண்டு ஆண்டுகள் மறுத்தார். பிறகு நானே கடைக்குச் சென்று, கல்லாவுக்கு எதிரே அமர்ந்து வாக்குக் கொடுத்தேன். என் கையெழுத்து இல்லாமல் உங்கள் மகளின் வண்டி தடத்தில் இறங்காது என்றேன். அவர் என்னைப் பார்த்து, "எனக்கு இதுல ஒண்ணுந் தெரியாது சார். உங்கள நம்பித்தான் பிள்ளய விடுதேன்" என்றார்.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முதன்முறையாகத் தடத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி ஓடும். அது தெரியுது. நிக்குமா? அதச் சொல்லுங்க."

அதைவிடச் சரியான கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. அதற்கு நான் செய்முறையாகப் பதில் சொல்ல விரும்பினேன். அவரை வண்டியின் முன்னால் அழைத்துச் சென்று, குனிந்து, வலது வாயிலிருந்து துணியை உருவிக் காட்டினேன். காற்று எங்கே நுழைகிறது, எப்படி டிஸ்க்கைக் குளிர்விக்கிறது, எலிக்காக ஏன் அடைத்து வைக்கிறோம் என்று விளக்கினேன்.

"எலிக்கா இவ்வளவு பயப்படுதீங்க?" என்று கேட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. அந்தச் சிரிப்பு எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது தேசிங்கு அருகில் வந்து, "சார், அந்தாண்ட இருக்கறத நான் எடுத்துடட்டா?" என்றார்.

"நான் பாத்துக்கறேன். நீ டயர்ல காத்தைப் பாரு" என்றேன்.

துணியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பேச்சைத் தொடர்ந்தபடியே, வண்டியின் பானெட்டின்மேல் சீட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மேசைக்குப் போகவில்லை. அண்ணாச்சி என் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். வள்ளி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

முதல் சுற்று நிதானமாக, பிரேக்கையும் டயரையும் பதமான சூட்டுக்குக் கொண்டுவருவதற்கு. இரண்டாவது சுற்றிலிருந்து முழு வேகம். இரண்டாம் சுற்று முடிந்து அவள் எங்களைக் கடந்தபோது எனக்கு வியர்த்தது. முகம் துடைக்கப் பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்தேன். துடைத்துக்கொண்டபோது கிரீஸ் வாடை அடித்தது. பார்த்தேன். பச்சைத் துணி, கடுகு நிறக் கரை. மறுபடியும் கையை விட்டேன். கைக்குட்டை இருந்தது. வேறொன்றும் இல்லை.

மற்றப் பையைத் துழாவினேன். சட்டைப் பையைப் பார்த்தேன். மேசை வெறுமையாக இருந்தது. இடது பக்கத் துணி எங்கே இருக்கிறது என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார் தேடிக்கினு கீறீங்க?" என்று தேசிங்கு கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

இப்போது அந்தச் சுற்று. எங்கள் தடத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடங்களில் இடது சக்கரத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்த இடத்தில் என்னளவு அறிந்தவர் எவரும் இல்லை. காற்று இல்லாத டிஸ்க்கில் ஒவ்வொரு வளைவிலும் சூடு ஏறும்; இறங்க வழியில்லை. அந்தச் சூடு பேடுக்குச் செல்லும், பேடிலிருந்து அதைத் தள்ளும் பிஸ்டனுக்கு, பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கு. ஆயில் கொதித்துக் குமிழி விடும். பெடலை மிதிக்கும் கால் அதன் பிறகு ஆயிலைத் தள்ளாது, குமிழிகளை நசுக்கும். பெடல் தரையைத் தொடும். வண்டி வேகம் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். நேர்பாதையின் முடிவில், மிக அதிக வேகத்திலிருந்து மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்க வேண்டிய வளைவு ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் கொஞ்சம் சரளை மண், பிறகு டயர்ச் சுவர்.

இவ்வளவும் அறிந்திருந்த நான் அந்த இரண்டு நிமிடங்கள் என்ன செய்தேன்? ஒரு கௌரவமான காரணத்தைத் தேடினேன். உடனே அவளை உள்ளே அழைக்க வேண்டும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். தடக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒரு காலத்தில் என் வகுப்பில் அமர்ந்தவர். பிரேக்குக்குக் காற்று செல்லும் குழாயில் அடைப்பு இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குக் கற்பித்ததே நான். எஞ்சின் ஆயில் கசிவதாகச் சந்தேகம் என்று சொல்லலாமா? ஒரு சக்கரத்தின் நட்டு தளர்ந்திருக்கலாம் என்று சொல்லலாமா? ஒருவேளை இடது துணியை நான் முன்பே எடுத்துக் கீழே போட்டிருக்கலாமே. துணி எடுத்துவிட்ட வண்டியை வீணாக ஏன் நிறுத்த வேண்டும்? பொய் என்று தெரிந்தே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தேன். பைக்குள் என் கை அந்தத் துணியைப் பிடித்திருந்தது. பக்கத்தில் அவள் தந்தை நின்றிருந்தார்.

அவள் மூன்றாம் முறை எங்களைக் கடந்து நேர்பாதையில் சென்றாள். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வந்தது. வழக்கத்தைவிட முன்கூட்டியே வந்தது, வழக்கத்தைவிட நீண்டு ஒலித்தது.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"சார், இந்தப் பக்கச் சக்கரத்துல மட்டும் புகை மாதிரித் தெரியுதே. அது அப்படித்தான் வருமா?"

கட்டுப்பாட்டு அறையை நோக்கி நடந்தேன். ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நடந்தேன். பத்தடி நடந்த பிறகு ஓடினேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

படியேறும்போது ஒரு விஷயம் உறைத்தது. உள்ளே வரச் சொல்லிப் பலகை காட்டினால் அவள் நேராகப் பிட் லேனுக்குள் வருவாள். அது குறுகலான ஓரப் பாதை. அன்று அதில் மேசைகளும் நாற்காலிகளும் கிடந்தன. தேநீர்க் கோப்பையுடன் இருபது பேராவது நின்றிருந்தார்கள். பிரேக் இல்லாத வண்டியை அவர்கள் நடுவே அழைப்பதா? வேகத்தைக் குறைத்து ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டுப் பிறகு அழைப்பதா? இரண்டாவதே சரி என்று முடிவு செய்தேன். அறைக்குள் நுழைந்து, "மெதுவாக ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். அதற்குள் பிட் லேனைக் காலி செய்யுங்கள். அவளுக்குப் பிரேக் இருக்காது" என்றேன்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

ஆனால் அவளைக் காப்பாற்றியது என் அழைப்பன்று. நேர்பாதையில் போகும்போதே, வளைவு வருவதற்கு வெகு முன்னால், பெடலை இடது காலால் ஒரு முறை மெல்லத் தொட்டுப் பார் என்று தேசிங்கு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். என் அட்டவணையில் அது இல்லை. நான் படியேறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தடத்தின் மறுபக்கத்து நேர்பாதையில் அவள் தொட்டுப் பார்த்தாள். பெடல் பஞ்சுபோல் இறங்கியது. உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, எஞ்சினின் பிடிப்பிலேயே வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரமாகக் கொண்டுவந்தாள். பலகை காட்டியபோது, பழுது என்று தெரிவிக்க அவள் கை ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அந்த ஒரு சுற்றையும் மெதுவாக முடித்துப் பிட் லேனுக்குள் திரும்பினாள்.

மெதுவாக வந்தாலும் அது ஒரு டன் எடை கொண்ட வண்டி. பிட் லேனில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பாதையோரச் சுவருக்கு அப்பால் போய்விட்டார்கள், அண்ணாச்சியைத் தவிர. அவர் பாதையின் நடுவில் நின்று மகளின் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்தாண்ட வாங்க" என்று தேசிங்கு கத்தினார். அவர் அசையவில்லை. தேசிங்கு ஓடிப்போய் அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டி அவர் நின்ற இடத்தைக் கடந்து, எங்கள் மேசை இருந்த இடத்தைக் கடந்து, பாதையின் முடிவில் அடுக்கியிருந்த டயர்களில் முட்டி நின்றது. ஒரு முகப்பு விளக்கு உடைந்தது. இடது சக்கரத்திலிருந்து வெண்புகை எழுந்தது. யாரோ வாளித் தண்ணீருடன் ஓடி வந்தார். ஊற்றக் கூடாது, டிஸ்க் பிளந்துவிடும் என்று தடுத்தேன்.

வள்ளி இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "ஒண்ணும் ஆகலப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பெடல் தரைக்குப் போயிடுச்சு சார்" என்றாள். புகார் தொனியே இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

தேசிங்கு பம்பரின் முன் குனிந்தார். இடது வாய்க்குள் கையை விட்டு, கரை ஓரம் கருகியிருந்த பச்சைத் துணியை வெளியே இழுத்தார். அண்ணாச்சி அதைப் பார்த்தார்.

"காலைல சார் எங்கிட்டக் காட்டுன துணில்லா இது?"

தேசிங்கு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "அது வலது பக்கம் அண்ணாச்சி. இடது பக்கம் என் வேலை. நான்தான் மறந்துட்டேன்."

அண்ணாச்சியின் கை உயர்ந்தது. அடிக்கவில்லை. "இனி எம் பிள்ள வண்டிப் பக்கம் நீ வரப்படாது" என்றார்.

நான் அங்கே நின்றிருந்தேன். என் பைக்குள் வலது பக்கத் துணி இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அந்தக் கதை எல்லாப் பணிமனைகளுக்கும் பரவியது. வள்ளியின் வண்டியை முதல் போல்ட்டிலிருந்து கட்டியவர் தேசிங்கு. அதன் பிறகு அதைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. பணிமனையில் கேலி தொடங்கியது. "தேசிங்கண்ணே, துணிய எண்ணிட்டியா?" என்று கேட்காமல் எந்த வண்டியும் வெளியே போனதில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் என் எதிரிலேயே அப்படிக் கேட்டிருக்கிறார்கள். தேசிங்கும் சிரிப்பார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என் அறைக்குப் போவேன். என் கையெழுத்தின் மதிப்பு குறையவில்லை. ஓய்வு பெறும்வரை அதை வாங்க ஆட்கள் காத்திருந்தார்கள். சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது ஒரு முறை இதைச் சொன்னேன். குருவானவர், "சம்பந்தப்பட்டவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். அதன் பிறகு இந்தப் பாவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்லி வந்தேன்.

இந்தப் பக்கங்களை எழுத உட்கார்ந்தபோது முதலில் எழுதிய வரைவில் துணியை மறந்தவர் "ஒரு மெக்கானிக்" என்றே இருந்தது. அதைக் கிழித்துவிட்டு மேற்கு மாம்பலத்துக்குப் போனேன். தேசிங்கும் ஓய்வு பெற்றுவிட்டார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் பகுதியில் இருக்கிறார்.

"வாங்க சார். இன்னா இவ்ளோ தூரம்? போன் பண்ணா நான் வந்திருப்பேனே" என்றார்.

எழுதப் போவதைச் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? பசங்க கேலி பண்ணானுங்க. அந்தக் கேலிலதானே துணிய எண்ணவே கத்துக்கினானுங்க."

"அன்னைக்கு நீ ஏன் அப்படிச் சொன்னே?"

"உங்க கையெழுத்து போச்சுன்னா ஷெட்டு போச்சு சார். எங்க எல்லாருக்கும் அதுலதான் சோறு." தொலைக்காட்சியை அணைத்தார். "இன்னொண்ணு. நான் சொன்னவொடனே நீங்க குறுக்க வந்து, 'இல்ல, நான்தான்'னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் பாத்தேன்."

அவர் உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"எழுதறதுன்னா துணிய எழுதாதீங்க சார். துணிய எவன் வேணா மறப்பான். நானும் மறந்துகீறேன், வண்டி போறதுக்குள்ள பாத்துட்டேன், அவ்ளோதான். பாக்கெட்டுல கைய வுட்டுக்கினு ஒரு ரவுண்டு நின்னீங்களே, அத எழுதுங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். இன்னா தேடுறீங்கன்னு கேட்டேன். சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேன். எனக்கு உங்களவிடக் கால் நல்லா ஓடும்."

எழுதிவிட்டேன். பிரேக்கைப் பற்றி நான் கற்றவற்றுள் கோப்பில் இல்லாதது இது ஒன்றுதான். உங்கள் கை பைக்குள் ஒரே ஒரு துணியைத் தொடும் நாள் உங்களுக்கும் வரும். இரண்டாவதைத் தேடாதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள், ஓடுங்கள். காரணத்தை வண்டி நின்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நேற்று முற்பகல் தி. நகர் கடைக்குப் போனேன். அண்ணாச்சி அதே கல்லாவில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். ஒன்பது ஆண்டுகளாக நான் வைத்திருந்த வலது பக்கத் துணியை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் பில்லை நீட்டினார், அதைக்கூட வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தாளு வீட்டம்மா தீபாவளிக்குத் தீபாவளி இங்கதான் துணி எடுக்க வரும். ஒருநாளும் நான் முகங் கொடுத்துப் பேசினதில்ல."

பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வீடு எங்க?"

"மேற்கு மாம்பலம்" என்றேன்.

படியிறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரயில் நிலையத்தின் பக்கமாக நடக்கத் தொடங்கினார். என்னை வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேசிங்கின் வாசலில் அவர் முன்னிலையில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை நிற்காமல் அவர் பின்னால் போனேன்.